நீர்க்கட்டிக்குத் தயிர் என்ன பாவம் செய்தது?

கேள்வி: எனக்கு 23 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். இரண்டு வருடமாக மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. உயரம் 158 செ.மீ. எடை 59 கிலோவிலிருந்து 68 ஆகிவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள், பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்றார்கள். எடையைக் குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். பால், தயிர், மோர், முட்டை, கோழி, தக்காளி, கத்தரிக்காய், சுரைக்காய், பூசணி, வெள்ளரி, கடலை, இளநீர், வாழைப்பழம் எல்லாம் கூடாதாம். மூன்று மாதமாக அத்தனையையும் விட்டுவிட்டேன். எடை குறையவில்லை, இன்னும் ஒன்றரைக் கிலோ ஏறித்தான் 68. முடி கொட்டுகிறது. நாலு மணி ஆனால் கண்ணைக் கட்டுகிறது. இன்னும் எதையெல்லாம் விட வேண்டும்? அம்மாவுக்கு (48) மார்பில் நீர்க்கட்டி இருக்கிறது, காபியே தொடாதே என்கிறார்கள். அறைத்தோழிக்கு சாக்லேட் சிஸ்ட், அவள் சாக்லேட்டை விட்டுவிட்டாள். நாங்கள் செய்வது சரியா? ஒரு நாள் சாப்பிடுவதைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு மிகவும் உதவியது அந்தப் பின்பக்கம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட அதில் நிறைய விஷயம் இருக்கிறது. நீங்கள் எழுதியதையே இங்கே சொல்கிறேன். காலையில் மூன்று இட்லி. தக்காளிச் சட்னியும் கடலைச் சட்னியும் கூடாது என்பதால் சர்க்கரை தொட்டுக்கொண்டு. பதினோரு மணிக்கு டீ. மதியம் சோறு, ரசம், அப்பளம், கையோடு ஒரு டீ. நாலரைக்குக் கம்பெனி வாசலில் டீயும் தேங்காய் பன்னும். ராத்திரி மறுபடி சோறும் ரசமும், பசித்தால் ரஸ்க். படுக்கும் முன் இன்னொரு டீ, அதுவும் ரஸ்க்குக்காக.

பெரியம்மா அன்பாகத்தான் அனுப்பியிருப்பார். ஆனால் அந்தப் பட்டியல் செய்த வேலையைப் பாருங்கள். உங்கள் தட்டில் இருந்த முட்டை, தயிர், கோழி, கடலை, காய் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டது. மிச்சம் நிற்பது சோறு, மைதா, சர்க்கரை. பிசிஓஎஸ் இருப்பவர் அளந்து சாப்பிட வேண்டிய மூன்றும் அவைதான். மூன்று மாதம் வாயைக் கட்டியும் எடை ஏறியதற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். இவ்வளவு கட்டுப்பாடாக ஒரு தப்பான பட்டியலைப் பின்பற்றியவரை நான் பார்த்து நாளாயிற்று.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடப்பக்கம் 'சேர்க்க', வலப்பக்கம் 'தவிர்க்க'. ஒரு பெண் அதை லேமினேட் செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி ஒரு வருடம் அப்படியே சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது ஹீமோகுளோபின் 8. அன்றோடு அந்தத் தாளை நிறுத்தினேன். இப்போது யார் வந்தாலும் முதலில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்றுதான் கேட்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீர்க்கட்டி என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 'நீர்' என்று பெயரில் இருப்பதால், நீர்ச்சத்துள்ளதும் குளிர்ச்சியானதும் சாப்பிட்டால் அது உள்ளே போய்க் கட்டியாக நிற்கும் என்று ஒரு கணக்கு ஊரெங்கும் ஓடுகிறது. உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். சுரை, பூசணி, வெள்ளரி, இளநீர், மோர், எல்லாம் நீர். யாரோ பெயரைப் பார்த்தே பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பவை கட்டிகளே அல்ல. 4 முதல் 7 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, அதாவது கொத்தமல்லி விதையளவு. ஒவ்வொன்றும் ஒரு கருமுட்டையை வைத்திருக்கும் சின்னப் பை. வழக்கமாக மாதம் ஒரு பை மட்டும் முந்திக்கொண்டு 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் எதுவும் முந்துவதில்லை. எல்லாம் பாதி வளர்ந்து, முத்துக் கோத்தாற்போல் சினைப்பையின் ஓரத்தில் வரிசையாக நின்றுவிடுகின்றன. முட்டை வெளியே வராததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. 1935ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். அப்போது கண்ணில் பட்டது கட்டி மாதிரி இருந்ததால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2012ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவே, இந்தப் பெயர் ஆட்களைத் திசைதிருப்புகிறது, மாற்ற வேண்டும் என்று சொன்னது.

ஏன் வளராமல் நிற்கின்றன? இங்கேதான் சாப்பாடு வருகிறது. சோறோ பன்னோ உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை உடம்பின் செல்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சொல்வதை உடம்பு லேசில் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. தசை கேட்காவிட்டாலும் சினைப்பை கேட்டுவிடும் என்பதுதான் சிக்கல். கூடுதல் இன்சுலின் பட்டதும் அது ஆண்தன்மை ஹார்மோன்களை அதிகமாக உண்டாக்கத் தொடங்குகிறது. அவற்றைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. பைகள் பாதியில் நிற்பது, முகத்தில் ரோமம், பரு, உச்சந்தலையில் முடி மெலிவது எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு. கண்ணாடியில் கழுத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், அல்லது தோழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்குப் போலக் கருமை படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது அழுக்காக இருக்காது, இன்சுலின் ஏறி நிற்பதன் அடையாளமாக இருக்கலாம்.

ஆக, குறைக்க வேண்டியது எது என்று கேட்டால், இன்சுலினைத் திடுதிப்பென்று ஏற்றுகிறவற்றை. பட்டியல் சின்னதுதான்.

முதலாவது சர்க்கரை, அதிலும் டீயில் கரைந்து போகிற சர்க்கரை. கம்பெனி டீயில் கண்டிப்பாக இரண்டு டீஸ்பூனுக்குக் குறையாது. நாலு டீக்கு எட்டு, இட்லிக்கு இரண்டு, மொத்தம் பத்து. ஒரு டீஸ்பூன் நாலு கிராம் என்று குறைத்துப் போட்டாலே 40 கிராம் ஆகிறது. இதில் பன்னும் ரஸ்க்கும் சேரவில்லை. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். டீயை விடச் சொல்லவில்லை. நாலை இரண்டாக்குங்கள், டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். இரண்டு வாரம் நாக்கு சண்டை போடும், அப்புறம் பழைய டீ பாயசம் மாதிரித் தெரியும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். வாசனைக்கும் ருசிக்கும் கருப்பட்டிக்கு ஈடில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்சுலினுக்கு அதன் பூர்வீகம் தெரியாது. வெள்ளைச் சர்க்கரையில் குறைத்ததைக் கருப்பட்டியில் ஈடுகட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். குளிர்பானமும் அப்படித்தான். 300 மில்லி பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை சாதாரணமாக இருக்கும். 'ஏபிசி ஜூஸ்' என்று ஆப்பிளையும் பீட்ரூட்டையும் காரட்டையும் பிழிந்து வடிகட்டிக் குடிக்கிறார்களே, அதில் நார் போய் இனிப்பு நிற்கிறது. அந்தப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். பாலில் கலக்கும் சத்துப் பவுடர் டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் சேர்மானத்தின் முதல் சில வரிகளிலேயே சர்க்கரை இருக்கும்.

இரண்டாவது மைதா. பன், ரஸ்க், பிஸ்கட், பப்ஸ், பரோட்டா. சர்க்கரை சேர்க்காதது என்று அட்டையில் அச்சடித்த பிஸ்கட்டும் மைதாதான். பேக்கரிப் பண்டங்களில் இன்னொரு கவலை வனஸ்பதி, அதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு என்கிற கெட்ட கொழுப்பு. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது, முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் காலையிலிருந்து ஒரே சட்டியில் கொதிக்கிற பஜ்ஜி எண்ணெய்க்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பரோட்டா சால்னாவை ஜென்மத்துக்கும் விடு என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு நாள், இரண்டோடு நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஆம்லெட்.

மூன்றாவது சோறு. இதை விட வேண்டாம், அளவைக் குறைக்க வேண்டும். ஹாஸ்டலில் தட்டை நிரப்பிச் சோறு போட்டு, பொரியலை ஓரத்தில் திருநீறு மாதிரி வைப்பார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். இரண்டு கரண்டிப் பொரியலோ கூட்டோ கேட்டு வாங்கி, முதலில் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். காயும் புரதமும் முன்னால் போனால் சோறு தரும் சர்க்கரை மெதுவாக ஏறும். வெறும் ரசத்துக்குப் பதில் பருப்போ சாம்பாரோ அடியில் இருந்து மொண்டு ஊற்றச் சொல்லுங்கள். ராத்திரி சோறு வேண்டாம், இரண்டு தோசை போதும், சட்னியும் சாம்பாரும் தாராளமாக.

சிறுதானியத்துக்கு மாறலாமா என்றால், மாறலாம், ஆனால் அது மந்திரமில்லை. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். சாமைச் சோறானாலும் அதே அளவுக் கரண்டிதான்.

இனி, நீங்கள் விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தயிரும் மோரும் எந்த வகையிலும் பிசிஓஎஸ்ஸை உண்டாக்குவதில்லை. பால் குடித்தால் பரு கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள், அதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றினால் ஒரு மாதம் பாலைக் குறைத்துப் பாருங்கள், தயிரை வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு முட்டை, ஆறு கிராம் புரதம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 45, 50 கிராமாவது புரதம் வேண்டும். உங்கள் தாளில் எழுதியதைக் கூட்டினால் அதற்கு வெகு கீழே நிற்கிறது. முடி கொட்டுவதற்கு முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான். தேங்காய் பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையோ சுண்டலோ வைத்தால், சாயங்காலம் கண்ணைக் கட்டுவதும் குறையும்.

கோழிக்கு ஊசி போடுகிறார்கள், அதனால்தான் இந்தக் காலத்துப் பெண்களுக்கு நீர்க்கட்டி என்று ஒரு பேச்சு உண்டு. பிராய்லர் 40 நாள் சொச்சத்தில் வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய இனமும் தீவனமும். பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஹார்மோன் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. குழம்பாக வைத்த கோழியைச் சாப்பிடுங்கள், மாவு தடவிப் பொரித்ததை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி, கத்தரி, சுரை, பூசணி, பீர்க்கன், வெள்ளரி எல்லாம் வயிறு நிறையச் சாப்பிட வேண்டிய காய்கள். வாழைப்பழம் சின்னதாக ஒன்று. இளநீர் வெயிலுக்கு எப்போதாவது ஒன்று, தினமும் வேண்டாம். உளுந்தங்களி, வெந்தயக்களி செய்து அனுப்ப பெரியம்மா தயாராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உளுந்து நல்ல புரதம். கருப்பட்டியை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் எள்ளுருண்டையும் பப்பாளியும் சாப்பிட்டு வரவழைக்கலாம் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சோற்றோடு சேர்ந்த டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏற விடாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஹீமோகுளோபின், தைராய்டு, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை ஆகியவை வேண்டுமா என்று கேளுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவை அது மாற்றிக் காட்டும்.

எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். இருப்பதில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 68 கிலோவில் அது மூன்றரைக் கிலோகூட இல்லை. எந்த டயட் உசத்தி என்று கேட்காதீர்கள். 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ்ஸுக்கு இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று ஒன்று கிடையாது என்கிறது. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிவது எதுவோ அது. கூடவே வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. ராத்திரி சாப்பிட்டதும் ஹாஸ்டல் மாடியில் போன் பேசிக்கொண்டே கால் மணி நேரம் நடந்தால்கூடக் கணக்கில் சேரும்.

அறைத்தோழிக்கு நல்ல செய்தி சொல்லுங்கள். சாக்லேட் சிஸ்ட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நிறத்தைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, மாதாமாதம் கசியும் ரத்தம் அங்கேயே தங்கிப் பழுப்பாகக் கெட்டிப்பட்டது அது. சிவப்பு இறைச்சியும் டிரான்ஸ் கொழுப்பும் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக அமெரிக்க நர்ஸுகளை நெடுங்காலம் கவனித்த ஆய்வில் தெரிந்தது. அதனால் ஆட்டுக்கறியை வாரம் ஒரு நாளோடு நிறுத்தி மத்தியும் அயிலையும் சாப்பிடலாம். கட்டியைக் கரைப்பது சாப்பாட்டால் ஆகாத வேலை, அதற்கு மருத்துவர் வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அம்மா காபி விஷயம். காபியை நிறுத்தினால் மார்புக் கட்டிகள் குறையும் என்று 1970களின் கடைசியில் ஒரு கருத்து கிளம்பியது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அதற்குப் பெரிதாக வலுச் சேர்க்கவில்லை. காபி குடித்தால் மார்பு வலி கூடுகிறது என்று அவருக்கே தோன்றினால் குறைக்கட்டும். இல்லையென்றால் காலைக் காபியைப் பிடுங்காதீர்கள். அதைவிட முக்கியம், அது வெறும் நீர்க்கட்டிதான் என்று ஸ்கேன் பார்த்து மருத்துவர் உறுதியாகச் சொன்னாரா என்பது. 48 வயதில் யாரோ தொட்டுப் பார்த்துச் சொன்னது போதாது.

இன்னொன்று, இது சினைப்பையில் வரும் எந்த வகைக் கட்டிக்கும் பொருந்தும். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூட வாந்தி வந்தால், சாப்பாட்டைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதில் மணிக்கணக்கு முக்கியம்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். இன்னொரு ஸ்கேன் எடுத்து எத்தனை முத்து என்று எண்ண வேண்டாம், அந்த எண்ணிக்கை இப்போதைக்கு எனக்கு ஒன்றும் சொல்லாது. ஹாஸ்டல் அறையில் தொங்குகிற காலண்டரில் மாதவிடாய் வந்த தேதியை மட்டும் வட்டம் போட்டு வாருங்கள். அதையும், இந்த முறை போலவே ஒரு நாள் சாப்பிட்டதைப் பின்பக்கத்தில் எழுதியும் அனுப்புங்கள்.